கச்சேரித் தெருவில் தங்கிவிட்ட நிழல்

கீரனேந்தல் மகாராஜா அந்த வருஷம் விஜயதசமியன்று மாலை நாலரை மணிக்கு எங்கள் கச்சேரித் தெருவின் மேற்கு முனையில் கால் வைத்தார், கிழக்கு முனை வழியாக வெளியேறினார், அரண்மனைக்குப் போய்க் காலைக் கழுவிக்கொண்டு பலகாரம் சாப்பிட்டார்; அவருடைய நிழல் மட்டும் அவரோடு போகவில்லை. அது முதல் வீடான கணக்கு வாத்தியார் வீட்டிலேயே தங்கிவிட்டது. தலைப்பாகைக் குஞ்சம் வாசல் நிலையைத் தொட்டபடி, உடம்பு படிக்கட்டில் மூன்று மடிப்பாக மடங்கி, கால்கள் தெருப்புழுதியில் நீண்டு, மத்தியானம் சாப்பிட்டுப் படுத்த மனிதரைப் போல அயர்ந்து கிடந்தது. பொழுது இறங்கிய பிறகும் கிடந்தது. மறுநாள் விடிந்து நாங்கள் பல் விளக்க வாசலுக்கு வந்தபோதும், சூரியன் எந்தத் திசையில் நின்றபோதும், அது கிடந்த இடத்திலேயே கிடந்தது.

முதலில் எங்களுக்குப் பெருமைதான், பொய் சொல்லக்கூடாது. வாத்தியார் மனைவி நிழலைச் சுற்றி அதன் விளிம்பு மிதிபடாமல் கோலம் போட்டார். மற்றத் தெருக்களில் இருந்து பெண்கள் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்க்க வந்தார்கள், வந்தவர்களுக்கு வெற்றிலை பாக்கு வைத்தோம், “ராஜாவே எங்க வீட்ல தங்கின மாதிரி” என்று சொல்லிச் சொல்லி வாத்தியாருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நாலாம் நாள் அடைமழை பிடித்துக்கொண்டது. தெருவெல்லாம் கழுவிப்போன பிறகும் நிழல் கறுப்பாகவே இருந்தது. அந்த வீட்டில் துவைத்த துணி உலரவில்லை. வற்றல் பூசணம் பூத்தது. வாத்தியார் திருத்திய விடைத்தாள்களில் மை காயவில்லை. விளக்கை ஏற்றிவைத்துவிட்டு அவர் சுவரைப் பார்த்தார். அவருடைய நிழல் சுவரில் இல்லை. இதற்கும் பழகிக்கொண்டோம். கொசுவுக்குப் பழகவில்லையா, அது மாதிரி.

நிழலுக்கும் எங்களுக்கும் உள்ள பழைய உறவை இங்கே சொல்லிவிட வேண்டும், சொல்லாவிட்டால் நாங்கள் ஏதோ அப்பாவிகள் என்று நினைத்துவிடுவீர்கள். எங்கள் சமஸ்தானத்தில் ஒரு வழக்கம். விஜயதசமி அன்று ராஜா குடையில்லாமல், யானையில்லாமல், கால்நடையாக ஊரைச் சுற்றி வருவார். அவர் நிழல் எந்த மனையில் விழுகிறதோ அந்த மனை அரண்மனைக்குச் சேரும். குடியிருக்கிறவர்கள் குடியிருக்கலாம், ஆனால் அங்கே காய்ப்பதும் பிறப்பதும், கன்றானாலும் குழந்தையானாலும், அரண்மனை கேட்டால் கொடுத்துவிட வேண்டும். கூடவே சுண்ணாம்புக் கூடையோடு ஒருவன் போய் நிழலின் விளிம்பில் கோடு கிழிப்பான், பின்னால் ராயசம் என்கிற அரண்மனை எழுத்தர் நிழலேடு என்ற தடித்த புத்தகத்தில் அதை எழுதிக்கொண்டே போவார். முந்நூறு வருஷத்தில் ஊர் மொத்தமும் அந்த ஏட்டில் ஏறிவிட்டது, எங்கள் தெருவைத் தவிர.

எங்கள் தெரு எப்படித் தப்பியது என்றால், ராஜா எந்தத் தெருவுக்கு எத்தனை நாழிகைக்கு வர வேண்டும் என்று பட்டியல் போட்டுக் கொடுப்பதே நாங்கள்தான். வக்கீல்கள், வாத்தியார்கள், கச்சேரி எழுத்தர்கள், தபால்காரர், ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் என்று இருபத்திரண்டு வீடு. ஒரே வரிசை, எதிர்ப்பக்கம் கச்சேரி என்கிற சர்க்கார் அலுவலகத்தின் மதில். நெசவாளர் தெருவுக்குச் சாயங்காலத்தைப் போட்டோம், குடியானவர் தெருவுக்கு விடியற்காலையைப் போட்டோம், எங்கள் தெருவுக்கு உச்சிப்பொழுதைப் போட்டோம். உச்சிப்பொழுதில் ராஜாவின் நிழல் ஒரு முழத்துக்கு மேல் போகாது, அந்த ஒரு முழமும் தெருவிலேயே விழுந்து தெருவோடு போய்விடும். வலிக்காமல் ஊசி போடுவது என்பார்களே, அந்த வித்தை எங்களுக்குப் பரம்பரையாக வரும்.

அந்த வருஷம் படம் பிடிக்கிறவன் ஒருவன் பட்டணத்தில் இருந்து முக்காலியும் கறுப்புத் துணியுமாக வந்திருந்தான். ராஜா காலையில் இருந்து ஒவ்வொரு உடையாக மாற்றிக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றார், பட்டியல் மாறிப்போனது, உச்சிப்பொழுது சாயங்காலமாகிவிட்டது. நிழல் அதனால்தான் தங்கியதா, வேறு எதனாலா என்று சிலர் விசாரித்தார்கள். எங்களுக்கு அதற்கு நேரமில்லை, ஏனென்றால் நிழல் நகர ஆரம்பித்திருந்தது.

இரண்டு நாளைக்கு ஒரு வீடு. முதல் வீட்டை விடாமலே இரண்டாம் வீட்டுக்கு நீண்டது, இரண்டை விடாமல் மூன்றுக்கு. தலைப்பாகைக் குஞ்சம் முன்னால் போகும், உடம்பு பின்னால் வளரும். ஒவ்வொரு வீடாக அது ஏற ஏற, அந்த வீடு அரண்மனைக்குச் சேர்ந்தது என்று நிழலேட்டில் எழுத வேண்டியவர் பத்தொன்பதாம் வீட்டில் இருந்தார். அவர்தான் ராயசம் குற்றாலிங்கம் பிள்ளை. முப்பத்திரண்டு வருஷமாக அந்த ஏட்டை எழுதுகிறவர், முத்து முத்தான எழுத்து, அடித்தல் திருத்தல் கிடையாது. கூடவே குடியிருக்கிற தெருக்காரனின் வீட்டை அதே முத்து முத்தான எழுத்தில் எழுதி, மை காயக் காத்திருந்து, ஏட்டை மூடிவிட்டு வந்து அவனோடேயே உட்கார்ந்து காப்பி குடித்தார். மூன்றாம் வீட்டில் பசு கன்று போட்டது. சேவகர்கள் வந்து கன்றைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பசு நாலு நாள் கத்தியது. அந்த நாலு நாளும் பிள்ளை சாப்பிடவில்லை, ஏனென்றால் அவருடைய ஒரே மகள் ஆவுடை தலைப்பிரசவத்துக்கு வந்து நிறைமாதமாக வீட்டில் இருந்தாள். மருமகன் கொழும்பில் இருந்தார்.

கணக்குப் போட்டோம். கணக்குப் போடத்தானே எங்களுக்குத் தெரியும். நிழல் பத்தொன்பதாம் வீட்டுக்கு வரக் கார்த்திகை ஏழாம் தேதி ஆகும். குழந்தை கார்த்திகை முதல் தேதிவாக்கில் பிறந்துவிடும். ஆறு நாள் கையிருப்பு. “ஆறு நாள் இருக்குல்ல, பயப்படாத” என்று பிள்ளை தன் மனைவி பிரமு அம்மாளிடம் தினமும் சொன்னார், தினமும் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிக் குஞ்சம் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தார்.

தெருக்காரர்கள் முதலில் மனு எழுதினோம். வக்கீல் ஞானப்பிரகாசம் வீட்டு மாடியில் கூடி, பதினோரு வரைவு எழுதி, “சமூகத்துக்கு” என்று தொடங்குவதா “திவ்ய சமூகத்துக்கு” என்று தொடங்குவதா என்று இரண்டு நாள் சண்டை போட்டு, மூன்று படிகள் எடுத்து அனுப்பினோம். திரும்பி வந்தது. வக்கீல் வீடு ஐந்தாவது வீடு. நிழல் விழுந்த வீட்டில் எழுதிய காகிதமும் ராஜாவுடையது, ராஜாவே ராஜாவுக்கு மனுச் செய்வது வழக்கமில்லை என்று பின்குறிப்பு. அந்தப் பின்குறிப்பை எழுதியதும் பிள்ளைதான், உத்தியோகம்.

அதன் பிறகுதான் கலகம். எங்களைப் போன்றவர்களுக்குக் கத்தி எடுக்கத் தெரியாது. பேனாவைக் கீழே வைத்தோம். வாத்தியார்கள் பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள், தபால் பைகள் கட்டியபடியே கிடந்தன, வக்கீல்கள் கறுப்புக் கோட்டை ஆணியில் மாட்டினார்கள், பிள்ளை நிழலேட்டைச் சிவப்புத் துணியில் கட்டி வீட்டுப் பெட்டியில் வைத்துவிட்டார். ராஜா பயந்துவிடுவார் என்று காத்திருந்தோம். ராஜாவுக்குப் பதினோரு நாள் விஷயமே தெரியாது. எங்கள் முப்பது வருஷ உழைப்பு இல்லாமல் பதினோரு நாள் சமஸ்தானம் நன்றாகவே நடந்தது; அந்த அவமானத்தை இன்றுவரை நாங்கள் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

பன்னிரண்டாம் நாள் தானியக் களஞ்சியத்தைத் திறக்க உத்தரவு எழுத ஆளில்லாமல் அரண்மனைக் குதிரைகள் பட்டினி கிடந்தன, அப்போதுதான் ராஜா நிமிர்ந்து பார்த்தார். சேவகன் தெருவில் நின்று தப்பட்டை அடித்துச் சொன்னான்: கச்சேரித் தெருவில் நிழலில் பிறக்கும் முதல் குழந்தை அரண்மனைக்கு. அன்றிலிருந்து நிழல் இரண்டு நாளைக்கு ஒரு வீடு என்பதை விட்டு ஒரு நாளைக்கு இரண்டு வீடு என்று நடந்தது.

ஆவுடையை வெளியூர் அனுப்பலாம் என்றால் எல்லைச் சாவடியில் அனுமதிச் சீட்டு கேட்டார்கள், சீட்டு எழுதுகிறவர்கள் நாங்கள், நாங்கள் பேனாவைக் கீழே வைத்திருந்தோம். வேறு தெருவுக்கு அனுப்பலாம் என்றால் எல்லாத் தெருவும் ஏட்டில் இருந்தது. பிள்ளை பெட்டியைத் திறந்து முந்நூறு வருஷ ஏட்டைப் பக்கம் பக்கமாகத் தள்ளினார், ஒரு பாய் விரிக்கிற இடமாவது எழுதாமல் விட்டிருக்கிறதா என்று. இல்லை. அவ்வளவு சுத்தமாக வேலை பார்த்திருந்தார்கள், அவரும் அவருக்கு முந்தியவர்களும்.

மறுநாள் நண்பகலில் அவர் நெசவாளர் தெருவுக்குப் போனார். முப்பத்திரண்டு வருஷத்தில் சுண்ணாம்புக் கூடைக்காரன் இல்லாமல் அவர் அந்தத் தெருவுக்குப் போனது அன்றுதான். தறிச் சத்தம் ஒவ்வொரு வீடாக நின்றுகொண்டே வந்தது. சடைச்சி தெருவில் நீட்டிக் கட்டிய பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தாள். ஊரில் பாதிப்பேரைப் பூமியில் இறக்கிவிட்ட மருத்துவச்சி அவள்.

“சடைச்சி, ஆவுடைக்கு நாள் நெருங்கிருச்சு. நீ வரணும்” என்றார் பிள்ளை.

“வாரேன்யா. அவளையே நாந்தான எடுத்துவிட்டேன்.” அவள் கையை நிறுத்தவில்லை. “எடுத்துக் குடுத்துருவேன். பெறகு என்ன செய்வீக?”

பாவில் அவள் இன்னொரு முழம் கஞ்சி தடவினாள்.

“பன்னெண்டு வருசத்துக்கு முந்தி எனக்கு ஒரு பொட்டப்புள்ள பொறந்துச்சு. பேரு வைக்கிறதுக்குள்ள சேவுகன் சீட்டோட வந்து நின்னான். புள்ளைக்கு வெரலு நீளமா இருக்கு, வெத்தலப் பொட்டி பிடிக்க ஆகும்னான். எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனா அந்தச் சீட்டுல எழுத்து அம்புட்டு அழகா இருந்துச்சு. யாரு எழுதுனாகன்னு கேட்டேன். ராயசய்யா எழுதுனதுன்னான்.”

“எழுதச் சொன்னாங்க, எழுதினேன் சடைச்சி. என் வேலை அது.”

“நான் என்ன, தப்புன்னா சொன்னேன்? எழுத்து அழகா இருந்துச்சுன்னுதான சொன்னேன்.”

பிள்ளை கஞ்சி சொட்டிக்கிடந்த மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டார், அங்கவஸ்திரத்தால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். “ஆத்தா, என் பேரப்பிள்ளையைக் காப்பாத்து” என்றார். அவர் வாயில் இருந்து அந்தத் தெருவில் யாருக்கும் அப்படி ஒரு சொல் வந்ததில்லை. சடைச்சி கஞ்சி தடவுகிற நார்க்குஞ்சைக் கீழே வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அவர் எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

“அந்த ஏட்ட எரிங்க. உங்க தெரு தாளு மட்டுமில்ல, முழு ஏட்டையும். அரமணை வாசல்ல வச்சு, பகல்ல, உங்க கையால. எங்க தெரு உங்க பின்னால வரும், குடியானவத் தெருவும் வரும். நீங்க இருவத்திரண்டு வீடு தனியா நின்னா ராசா பயப்படுவாரா? நான் உங்க வீட்ல ஆவுடைகூட இருக்கேன். பொகையப் பாத்தாத்தான் எனக்கு உசிரு வரும், அவளுக்குந்தான்.”

“என் பேரப்பிள்ளை மேல சத்தியம்” என்றார் பிள்ளை.

அப்படித்தான் ஐப்பசி இருபத்தொன்பதாம் தேதி காலையில் ஊரே அரண்மனைக்கு நடந்தது. முன்னால் நாங்கள், சலவை வேட்டியும் தலைப்பாகையுமாக; பின்னால் நெசவாளர்கள், குடியானவர்கள், வண்டிக்காரர்கள், கண்ணுக்கு எட்டியமட்டும். பிள்ளை சிவப்புத் துணி மூட்டையை மார்போடு அணைத்திருந்தார். அவர் வீட்டை விட்டு இறங்கும்போது ஆவுடைக்கு வலி எடுத்துவிட்டது, நாளுக்கு முன்னாலேயே. நிழலின் குஞ்சம் பக்கத்து வீட்டுச் சுவரில் இருந்தது.

அரண்மனை வாசலில் சிப்பாய்கள் துப்பாக்கியோடு நின்றார்கள். அன்றைக்கு யார் யார் முறை என்று பேர் கூப்பிடுகிற எழுத்தர் எங்களோடு நின்றிருந்தார், அதனால் சுடச் சொன்னால் சுட வேண்டியவன் தானா பக்கத்தில் இருப்பவனா என்று சிப்பாய்களுக்குத் தெரியவில்லை. ஆனாலும் துப்பாக்கிகளில் குண்டு இருந்தது. எங்கள் கால்கள் நடுங்கின. வேட்டி கட்டியிருந்ததால் வெளியே தெரியவில்லை.

அதே நேரம் பத்தொன்பதாம் வீட்டு வாசற்படியில் நிழல் ஏறிவிட்டது. சடைச்சி ஆவுடையைப் பாயோடு முன்னறையில் இருந்து நடு அறைக்கு இழுத்தாள். நிழல் முன்னறையை நிரப்பிக்கொண்டு நிலையைத் தாண்டியது. நடு அறையில் இருந்து சமையல்கட்டுக்கு இழுத்தாள், பிரமு அம்மாள் தலைமாட்டைத் தூக்கிக்கொண்டார். அடுப்பில் கொதித்த வெந்நீர் நிழல் பட்டதும் கொதி அடங்கியது. சமையல்கட்டில் இருந்து கொல்லைக்கு இழுத்தார்கள். கொல்லைக்கு அப்புறம் மதில், மதிலுக்கு அப்புறம் இடமில்லை.

“முக்காத தாயி, முக்காத. கொஞ்சம் பொறுத்துக்க” என்றாள் சடைச்சி. கண் மதிலுக்கு மேலே வானத்தில் இருந்தது.

“என்னால முடியல ஆத்தா.”

“எம்புள்ளைக்கு நான் பொறுத்தேன். நீ பொறுக்க மாட்டியா? எங்கையைப் பிடி.”

அரண்மனை மாடத்துக்கு ராஜா வந்தார். நல்ல வெயில், ஆனால் அவருக்குப் பின்னால் சுவர் வெள்ளையாக இருந்தது, அதனாலோ என்னவோ மனிதர் இளைத்துப்போன மாதிரி தெரிந்தார். எங்களை அவர் பார்க்கவே இல்லை, எங்கள் தலைக்கு மேலாகப் பின்னால் நின்ற கூட்டத்தைத்தான் பார்த்தார். வக்கீல் ஞானப்பிரகாசம் பதினாலு ஷரத்துகள் கொண்ட பிரகடனத்தை வாசித்தார்: ஆட்சி இனி ஊர்ச்சபையிடம், நிழல் வழக்கம் ரத்து, இன்ன இன்ன. ஒன்பதாவது ஷரத்திலேயே ராஜா பேனாவைக் கேட்டார்.

“எந்த இடத்தில் போட வேண்டும்? நீங்கள் எழுதிக் கொடுத்த எதையும் நான் வாசித்துப் போட்டதில்லை, இதை மட்டும் ஏன் வாசிக்க வேண்டும்?” என்றார். கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான், முந்நூறு வருஷம்.

பிள்ளை மூட்டையை அவிழ்த்தார், தீப்பெட்டியை எடுத்தார். வக்கீல் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு காதோரம் பேசினார், முன்வரிசையில் இருந்த எங்களுக்கு மட்டும் கேட்டது.

“பிள்ளைவாள், அவசரப்படாதீர்கள். முழுசையும் எரித்துவிட்டால் ஊரில் எந்த மனை யாருடையது என்று எதை வைத்துச் சொல்வது? இவ்வளவு பெரிய ஆவணம் ஐயா. இனி இது சபையின் சொத்து. மற்றத் தெருக்களுக்குச் சபை கூடி முறைப்படி தீர்மானம் போடலாம். இப்போது உங்கள் அவசரம் ஒரு தாள்தானே? அந்தத் தாளைக் கிழியுங்கள்.”

பிள்ளை பின்னால் திரும்பிப் பார்த்தார். ஏட்டைப் பார்த்தார், முப்பத்திரண்டு வருஷத்து எழுத்து. நேரம் போய்க்கொண்டிருந்தது. எங்கள் தெருவை எழுதிய கடைசித் தாளை மட்டும் கிழித்துக் கொளுத்தினார். ஒரு தாள் எரிந்தாலும் புகை புகைதான். பின்னால் இருந்தவர்கள் புகையைப் பார்த்து ஆரவாரம் செய்தார்கள். நாங்கள் முன்னால் நின்றோம், எது எரிந்தது என்று எங்களுக்குத் தெரியும், நாங்களும் ஆரவாரம் செய்தோம். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது, அன்றைக்கு இருக்கவில்லை.

கொல்லை மதிலுக்கு மேலே புகை தெரிந்தது; நிழல் பாயின் ஓரத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றது, பிறகு வந்த வழியே சமையல்கட்டுக்கும் நடு அறைக்கும் வாசலுக்குமாகப் பின்வாங்கியது. “இப்ப முக்கு தாயி!” என்று சடைச்சி கத்தியது மூன்று வீட்டுக்குக் கேட்டதாம். பெண் குழந்தை. வெயிலில் பிறந்தது.

அந்த வாரம் நாங்கள் திருவிழாவாகக் கொண்டாடினோம். ராஜா ஒரு தகரப்பெட்டி நிறையத் தன் படங்களை எடுத்துக்கொண்டு மலை ஊருக்குப் போய்விட்டார். ஊர்ச்சபை அரண்மனை முற்றத்தில் கூடியது. வக்கீல் தலைவர், பிள்ளை செயலாளர், உறுப்பினர்கள் இருபது பேர், எல்லாம் எங்கள் தெரு. தெருவை விட்டுப் போன நிழல் அந்த முற்றத்தில் வந்து படுத்திருந்தது. நல்ல குளிர்ச்சி. நாற்காலிகளை அதிலேயே போட்டுக்கொண்டோம், யாரும் எதுவும் சொல்லவில்லை. சபைத் தலைவருக்கு அடிக்கடி வெற்றிலை போடுகிற பழக்கம் உண்டு. நீளமான விரல்களோடு ஒரு பெண் பக்கத்தில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சடைச்சி தினமும் காலையில் வந்து காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிவிட்டுப் போவாள். போகும்போது பிள்ளையிடம் ஒரே கேள்வி. “என் புள்ள எப்பய்யா வரும்?” முதல் நாள் சபை கூடட்டும் என்றார். நாலாம் நாள் துணைக்குழு போட்டிருக்கிறது என்றார். ஏழாம் நாள், ஏடு பத்திரமாகப் பீரோவில் இருக்கிறது, கவலைப்படாதே என்றார், அதைச் சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. சடைச்சி துண்டை எடுத்தாள். குழந்தையைத் துவட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

பத்தாம் நாள் காலை, குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து முடித்த நேரத்தில், பிள்ளை ஒரு காகிதத்தோடு வந்தார். ராத்தூக்கம் இல்லாத முகம். “சடைச்சி, சபைக்கு ஒரு மனு எழுதியிருக்கேன். ஒரு கைநாட்டு வச்சிரு. நானே முன்ன எடுத்து வைக்கிறேன், முறைப்படி ஆயிரும்” என்றார். எழுத்து முத்து முத்தாக இருந்தது.

“எங்கிட்ட நீங்க வந்த அன்னிக்கு மனு கொண்டு வரலையேய்யா” என்றாள் சடைச்சி.

அறைக்குள் இருந்த ஆவுடைக்கு இது கேட்டது. எழுந்து வந்தாள். அப்பாவைப் பார்த்து, “எல்லாத்தையும் எரிச்சதாத்தானப்பா சொன்னீங்க? புகையப் பாத்துத்தானே இவங்க எம்புள்ளய வாங்குனாங்க?” என்றாள். பிள்ளை காகிதத்தை மடித்தார். அவள் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு தெருவில் இறங்கினாள்.

பிள்ளை பெற்றவளுக்குப் பதினாறு நாள் தீட்டு. அதற்குள் ஒருத்தி வாசலைத் தாண்டியதாக எங்கள் தெருவில் சரித்திரமே இல்லை. “ஏட்டி, தீட்டுடி, எங்கடி போறே!” என்று பிரமு அம்மாள் பதறினார். ஜன்னல்கள் திறந்தன, எதிரே வந்த கம்பவுண்டர் சாக்கடையைத் தாண்டிக் குதித்து வழிவிட்டார். துப்பாக்கிக்கு முன்னால் நின்றவர்கள் நாங்கள். பத்து நாள் தீட்டுக்காரி நடந்து வர வர, ஒருவர்மேல் ஒருவர் விழுந்து விலகினோம். முற்றத்தில் தலைவர் ஞானப்பிரகாசம் நாற்காலி மேலேயே ஏறி நின்றுகொண்டார். “யாராவது தடுங்கள்!” என்றார். தடுக்க வேண்டுமானால் தொட வேண்டும். யாரும் தொடவில்லை.

பின்னாலேயே ஓடிவந்த பிள்ளை பீரோவுக்கு முன்னால் போய் நின்றார், மூச்சு வாங்கியது. இடுப்பில் சாவி இருந்தது.

“அப்பா, சாவி” என்றாள் ஆவுடை.

அவர் தலைவரைப் பார்த்தார். மகளின் ரவிக்கையில் பால் கசிந்திருந்தது, அதைப் பார்த்தார். சாவியை எடுத்துத் தரையில் வைப்பார் என்று நாங்கள் நினைத்தோம், தீட்டுக்காரிக்கு அப்படித்தான் கொடுப்பது. அவர் அவள் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்தார்.

ஏட்டைச் சுமந்துகொண்டு அவள் வீட்டுக்கு வந்தாள். அவள் தொட்ட ஏட்டைத் திருப்பி வாங்க அந்த ஊரில் ஒரு சபை உறுப்பினரும் இல்லை. கொல்லையில் வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தாள் தாளாகப் பிய்த்து அடுப்பில் போட்டாள், அப்பாவின் எழுத்து, அவருக்கு முந்தியவர்களின் எழுத்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு அழகு, எல்லாம் ஒரே மாதிரி எரிந்தன. அரண்மனை முற்றத்தில் நாற்காலிகள் மேல் சுள்ளென்று வெயில் அடித்தது, உறுப்பினர்கள் மேல்துண்டால் விசிறிக்கொண்டு எழுந்து போனார்கள். சடைச்சி கடைசித் தாள் கருகும்வரை பார்த்திருந்துவிட்டு, எண்ணெய் தேய்த்த குழந்தையைப் பிரமு அம்மாள் மடியில் வைத்துவிட்டு, “இந்தா வந்துர்றேன்” என்று சொல்லி நடந்தாள்.

தண்ணீர் பதமாகச் சூடேறியபோது திரும்பி வந்தாள், கூடவே அந்தப் பெண். பன்னிரண்டு வயது. அரண்மனைப் பாவாடை, கையில் இன்னும் வெற்றிலைப் பெட்டி, யாரும் அதை வாங்கிக்கொள்ளவில்லை போல. சடைச்சி காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையை வாங்கிக் காலில் போட்டுக்கொண்டாள். ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினாள். கண் மகள் மேல் இருந்ததால் பாதி மண்ணில் போயிற்று. வந்த பெண் கொல்லையைச் சுற்றிப் பார்த்தாள், மதிலைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள். முதுகை நிமிர்த்தி, பெட்டியை மார்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, மெல்லக் கேட்டாள்.

“நான் எங்கே நிற்க வேண்டும்?”

“உக்காரு தாயி” என்றாள் சடைச்சி.

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. இன்னொரு தரம் சொல்ல வேண்டியிருந்தது.